காலையில் தடுமாறும் பழைய எம்.பி.எப்.ஐ. கார்: குளிர்ந்த ஐடில் கோளாறைப் படிப்படியாகக் கண்டறிதல்

இரவு முழுவதும் நின்றிருந்த கார் காலையில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாத வெறும் ஓட்டத்தில், நிற்காமல் குலுங்குகிறது, ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குகிறது. ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டே இருந்தால்தான் அணையாமல் ஓடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து அதே கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது என்ஜின் சூடாகிவிட்டிருப்பதால் மெக்கானிக்கின் கண்ணில் கோளாறு படுவதே இல்லை. அவர் பிளக்குகளை மாற்றி, என்ஜினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் துடைத்து அனுப்புகிறார். மறுநாள் காலை அதே குலுக்கல் தொடர்கிறது. இந்தக் கோளாறின் காரணங்கள் பெரும்பாலும் எளியவைதாம். அவை வெளியே தெரியும் நேரம் ஒரு நாளைக்குச் சில நிமிடங்களே என்பதுதான் சிக்கல். ஆகவே இதைக் கண்டறிய மிகவும் ஏற்றவர் காரின் உரிமையாளரே. ஒர்க்‌ஷாப்பில் விடுவதானாலும் முந்தைய மாலையே விட்டுவிட்டு, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே செய்யும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய சான்ட்ரோ, கார்புரேட்டரிலிருந்து எம்.பி.எப்.ஐ.-க்கு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) மாறிய மாருதி 800, ஜென், பின்னர் வந்த ஆல்டோ, வேகன் ஆர் ஆகியவற்றின் காலத்துப் பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. ஆக்சிலேட்டரிலிருந்து த்ராட்டில் பாடிக்குக் கேபிள் செல்லும் கார் எதற்கும் இது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இங்கே தரப்படும் எண்கள் இவ்வகைக் கார்களுக்குப் பொதுவானவை. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு கிடைத்தால் அதில் உள்ள எண்ணையே கொள்ள வேண்டும்.

குளிர்ந்த என்ஜினுக்குள் நடப்பது

என்ஜினைப் பொறுத்தவரை குளிர் என்பது மார்கழி மாதத்துக்கோ ஊட்டிக்கோ மட்டும் உரியதன்று. அது முழுமையாக வேலை செய்யும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) வெப்பநிலை ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ். மே மாதத்துச் சென்னைக் காலையின் 30 டிகிரியும் அதற்குக் குளிரே. அந்த நிலையில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஒரு பகுதி இன்டேக் பாதையின் சுவரிலும் வால்வின் பின்புறத்திலும் ஈரமாகப் படிந்துவிடுகிறது. ஆவியான பெட்ரோல் மட்டுமே எரியும் என்பதால், இழப்பை ஈடுகட்ட இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதல் பெட்ரோலைத் தர வேண்டியிருக்கிறது. கெட்டியாக இருக்கும் எண்ணெயின் உராய்வைத் தாண்டி என்ஜின் சுழல வேண்டுமென்பதால் கூடுதல் காற்றையும் அதுவே திறந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள கார் ஸ்டார்ட் ஆனவுடன் 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம். வரை நின்று, சூடாகச் சூடாகப் படிப்படியாக இறங்கி, 750 முதல் 900-க்குள் அமைவது இதனால்தான்.

இங்கே முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சைலன்சர் பாதையில் உள்ள ஆக்சிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடான பிறகே சரியாக வேலை செய்யும். அதுவரை இ.சி.யு. தான் தரும் கலவை சரியா தவறா என்று அறிய வழியில்லாமல், கூலன்ட் வெப்பநிலை, காற்றின் அழுத்தம் போன்ற சில அளவுகளை மட்டும் நம்பி, நினைவில் உள்ள அட்டவணைப்படி பெட்ரோல் தருகிறது. இதை ஓபன் லூப் என்பார்கள். ஆக்சிஜன் சென்சார் விழித்த பிறகு சிறு பிழைகள் அனைத்தையும் இ.சி.யு. தானே திருத்திக்கொள்கிறது. சூடானதும் கோளாறு மறைந்துபோவதற்கான காரணம் பெரும்பாலும் இதுவே; பழுது அப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் ஒரு நிமிடத் தடுமாற்றத்துக்காக ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவரிடம், அந்த ஒரு நிமிடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

முந்தைய இரவின் ஏற்பாடு

ஒரு மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், டார்ச் விளக்கு, குறிப்பெழுத ஒரு நோட்டு ஆகியவை போதும். இ.சி.யு.-வில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருந்தால் வேலை விரைவாகும்; ஆயினும் இணையத்தில் கிடைக்கும் மலிவான புளூடூத் கருவிகள் 2010-க்கு முந்தைய பல இந்தியக் கார்களுடன் பேசுவதில்லை என்பதால், அதை வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். செக் என்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் இ.சி.யு. பதிந்துவைத்துள்ள பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும். விளக்கு எரியாததால் சென்சார்கள் எல்லாம் நலம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இணைப்பு அறுந்த சென்சாரைத்தான் இ.சி.யு. எளிதில் கண்டுபிடிக்கும்; தவறான அளவைத் தரும் சென்சாரை அது பெரும்பாலும் நம்பிவிடும்.

காரைத் திறந்த வெளியில் அல்லது கதவு முழுவதும் திறந்திருக்கும் ஷெட்டில் நிறுத்த வேண்டும். மூடிய ஷெட்டில் குளிர்ந்த என்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. செறிவான கலவையில் ஓடும் அந்த நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிவருகிறது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அப்போது சூடாகியிருக்காது. பானெட்டை இரவிலேயே திறந்து பார்த்து, கூலன்ட் அளவையும் எண்ணெய் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி முனைகளையும், பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் செல்லும் எர்த் ஒயர்களையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவது நல்லது. கடலோர ஊர்களில் ஓடும் கார்களில் இவை பச்சை பூத்துப் போயிருப்பது வழக்கம். எளிய வேலையாகத் தோன்றினாலும், சென்சார்களின் அளவுகள் அனைத்தும் எர்த்தைச் சார்ந்தே இருப்பதால் இதைச் செய்யாமல் மேலே சோதிப்பதில் பயனில்லை.

முதல் மூன்று நிமிடம்

காலையில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் இரண்டு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். பின் சீட்டின் அடியிலிருந்து பெட்ரோல் பம்ப் ஓடி நிற்கும் மெல்லிய ஒலி கேட்க வேண்டும். பிறகு ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, எவ்வளவு நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது, முதலில் எந்த ஆர்.பி.எம்.-இல் நின்றது, தடுமாற்றம் உடனே தொடங்கியதா அல்லது அரை நிமிடம் கழித்தா, புகை உண்டா, எந்த நிறம், என்ன வாடை என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத கார்களில் செல்பேசியில் ஒலியைப் பதிவுசெய்துகொண்டால் மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அடுத்து ஆக்சிலேட்டரை மிக மெதுவாக, 1,500 ஆர்.பி.எம். வரும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பிடிக்க வேண்டும். எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தச் சோதனை, தேட வேண்டிய இடத்தை வெகுவாகச் சுருக்கிவிடும். அழுத்தியவுடன் ஓட்டம் சீராகிவிட்டால் என்ஜினுக்குக் குளிரில் வேண்டிய கூடுதல் காற்று கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். ஐடிலுக்கு வேண்டிய காற்றை இ.சி.யு. திறந்துவிடும் ஐடில் வால்வும் த்ராட்டில் பாடியும் சந்தேகத்துக்குரியவை. அழுத்தும் கணத்தில் என்ஜின் இழுத்து இருமி, அணையப் பார்த்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. வெப்பநிலை சென்சார், பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எந்த வேகத்திலும் ஒரே தாளத்தில் ‘டக், டக்’ என்று மிஸ் அடித்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை; பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) என்று அந்தச் சிலிண்டரைப் பின்தொடர வேண்டும். கறுப்புப் புகையும் பச்சைப் பெட்ரோல் வாடையும் வந்தால் கலவை செறிந்துபோயிருக்கிறது.

நடுக்கம் உண்மையிலேயே எரிதலில் உள்ள கோளாறா என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தைச் சைலன்சர் முனைக்கு அருகே பிடித்தால், நல்ல என்ஜினில் அது ஒரே சீராக அதிரும். மிஸ் அடிக்கும் என்ஜினில் இடையிடையே வெட்டும். காகிதம் சீராக இருந்து ஸ்டீயரிங் மட்டும் நடுங்கினால் குற்றவாளி என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டாக இருக்கக்கூடும். பழைய ரப்பர் குளிரில் இறுகி, சூட்டில் சற்றுத் தளர்வதால் அதுவும் காலையில் மட்டும் தெரியும் கோளாறு போலவே நடிக்கும். மாருதி 800, ஆல்டோ போன்ற மூன்று சிலிண்டர் என்ஜின்களில் ஓரளவு நடுக்கம் இயல்பே என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு காலைக்கு ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கைக் கடைசி வரை கடைப்பிடிக்க வேண்டும். ஒரே நாளில் பிளக்கையும் மாற்றி, த்ராட்டில் பாடியையும் துடைத்து, பேட்டரியையும் கழற்றி மாட்டினால், மறுநாள் கார் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, மோசமானாலும் தெரியாது.

கூலன்ட் வெப்பநிலை சென்சார்

குளிர்ந்த நிலையில் இ.சி.யு. பெரிதும் நம்பும் அளவு இதுதான். ஆகவே முதல் சந்தேகமும் இதன் மேல்தான் விழ வேண்டும். பல கார்களில் இரண்டு சென்சார்கள் உண்டு: டேஷ்போர்டு முள்ளுக்கு உரிய ஒற்றை ஒயர் சென்சார் ஒன்று, இ.சி.யு.-வுக்கு உரிய இரட்டை ஒயர் சென்சார் மற்றொன்று. டேஷ்போர்டு முள் சரியாகக் காட்டுவதால் இ.சி.யு.-வின் சென்சாரும் சரி என்று கொள்ள முடியாது.

ஸ்கேனர் இருப்பவர்கள், இரவு முழுவதும் நின்ற காரில் சாவியை ஆன் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரிக்குள்ளும், வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். 22 டிகிரி காலையில் கூலன்ட் 45 டிகிரி என்று காட்டினால் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது: என்ஜின் பாதி சூடாகிவிட்டது என்று நம்பும் இ.சி.யு. வேண்டிய பெட்ரோலையும் காற்றையும் தரவில்லை. ஸ்கேனர் இல்லையென்றால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளக்கலாம். இக்கார்களில் பொதுவாக 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 0.3 கிலோ ஓம் இருக்கும். வெப்பம் ஏற ஏறத் தடை குறையும். சாவி ஆனில் இருக்கும்போது, கழற்றிய கனெக்டரின் ஒயர் பக்கத்தில் 5 வோல்ட் வர வேண்டும். அளவு சரியாக இருந்து கனெக்டரின் பின்கள் மட்டும் பச்சை பிடித்திருந்தால், அந்த அழுக்கே கூடுதல் தடையாகி, என்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக இ.சி.யு.-வை நம்பவைக்கும், அப்போது கறுப்புப் புகை வரும்.

சந்தேகம் தீராதபோது ஒரு சிறு உபாயம் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 2.2 அல்லது 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சென்சாருக்குப் பதிலாகக் கனெக்டரில் செருகி ஸ்டார்ட் செய்தால், என்ஜின் 20 டிகிரி அளவில் இருப்பதாக இ.சி.யு. எடுத்துக்கொள்ளும். தடுமாற்றம் அன்று மறைந்தால் சென்சாரை மாற்றலாம். சோதனை முடிந்ததும் ரெசிஸ்டரை அகற்றிவிட வேண்டும். அது இருக்கும்வரை என்ஜின் சூடேறுவது இ.சி.யு.-வுக்குத் தெரியாது, ரேடியேட்டர் ஃபேனும் ஓடாமல் போகலாம்.

சென்சார் உண்மையைச் சொன்னாலும் கூலன்டே தவறாக இருக்கலாம். ஹீட் ஆகாமல் இருக்கட்டும் என்று, என்ஜின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வை எடுத்து எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் இருக்கிறது. அதன் பலனாக நெடுஞ்சாலையில் கூட என்ஜின் 60, 65 டிகிரியைத் தாண்டாமல், இ.சி.யு. கூடுதல் பெட்ரோலைத் தந்துகொண்டே இருக்கும். பிளக் கரியும், மைலேஜ் குறையும், தடுமாறும் நேரம் நீளும். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் வெப்பநிலை முள் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சாரின் நுனி காற்றில் தொங்கினாலும் அளவு பொய்யாகும்.

காற்று: வராததும், வழிதவறி வருவதும்

ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தினால் சீராகும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடி. காற்றுக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தால், த்ராட்டில் தட்டின் விளிம்பில் கருமையான பிசுக்கு வளையமாகப் படிந்திருப்பது தெரியும். இந்தப் பிசுக்கு ஐடிலுக்குரிய சிறு காற்று வழியை அடைக்கிறது. என்ஜின் சூடானபின் தேவைப்படும் காற்று குறைவு என்பதால், அடைபட்ட வழியே அப்போது போதுமானதாகிவிடுகிறது.

சாவியை ஆஃப் செய்து, த்ராட்டில் பாடியைக் கழற்றி, அதற்குரிய கிளீனரைத் துணியில் அடித்துத் துடைப்பதே முறை. மாட்டிய நிலையிலேயே கிளீனரை உள்ளே பீய்ச்சினால் கரைந்த கரி ஐடில் வால்வின் துளைக்குள் இறங்கி அங்கே உறையும். ஐடில் வால்வு ஸ்டெப்பர் மோட்டார் வகையாக இருந்தால் அதன் கூர்முனையைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது. உள்ளிருக்கும் நுண்ணிய திருகு பழுதாகிவிடும். முனையையும் அது அமரும் துளையையும் துடைத்து, புதிய ஓ ரிங்குடன் மாட்டினால் போதும். த்ராட்டில் தட்டை நிறுத்தும் ஸ்டாப் ஸ்குரூவை, ஐடிலை உயர்த்துவதற்காக யாரும் திருப்பக் கூடாது. அது ஆலையிலேயே அமைக்கப்பட்டுப் பெயின்ட் வைக்கப்பட்டது. அதைத் திருப்பினால் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் மூடிய நிலை அளவு மாறி, கால் பெடலில் இருக்கிறது என்று இ.சி.யு. நினைத்துக்கொள்ளும், ஐடிலைக் கட்டுப்படுத்தும் வேலையையே அது கைவிட்டுவிடும். பழைய கார் ஒன்றில் இந்த ஸ்குரூவின் தலை தேய்ந்திருந்தால், இதே கோளாறோடு அது முன்பே யாரிடமோ போய் வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

சில பழைய மாடல்களில் கூலன்டின் சூட்டால் விரியும் மெழுகைக் கொண்டு இயங்கும் தனிக் காற்று வால்வு உண்டு. அதற்குச் செல்லும் காற்று ஹோஸைக் குளிர்ந்த என்ஜினில் இடுக்கியால் நெரித்தால் வேகம் தெளிவாக இறங்க வேண்டும். சூடான பிறகு நெரித்தால் பெரிதாக மாறக் கூடாது. குளிரில் நெரித்தும் மாற்றமில்லை என்றால் வால்வு மூடியே கிடக்கிறது.

சுத்தம் செய்தபின் ஐடிலை இ.சி.யு. மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும், பொதுவாக ஏ.சி., விளக்குகள் அனைத்தையும் அணைத்து, முழுச் சூடு வரும்வரை பெடலைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பதே பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது. முதல் ஓரிரு காலைகளில் ஆர்.பி.எம். சற்று உயர்ந்து நின்றால் கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது ‘ஏர் பிடிப்பது’, அதாவது கசிவு வழியே காற்று உள்ளே புகுவது. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ ரிங், பி.சி.வி. ஹோஸ் (என்ஜினின் அடிப்பகுதி வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ் ஆகிய ரப்பர் பாகங்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளில் இறுகிவிடுகின்றன. உலோகம் குளிரில் சுருங்கியிருக்கும்போது இடைவெளி திறந்து, சூட்டில் விரிந்ததும் மூடிக்கொள்வதால் கோளாறு காலைக்கு மட்டும் உரியதாகிறது. ஆனால் எல்லாக் கார்களிலும் இதன் விளைவு ஒன்றன்று. காற்றின் எடையை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில், அளவுக்கு வராத காற்று உள்ளே புகுவதால் கலவை மெலிந்து என்ஜின் தடுமாறும். நம் சிறிய கார்களில் பெரும்பாலும் இருப்பதோ மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். கசிந்து வரும் காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் இ.சி.யு. அதற்கும் சேர்த்தே பெட்ரோல் தரும். ஆகவே கலவை மெலிவதற்குப் பதில் ஐடில் ஏறும் அல்லது ஏறி இறங்கும். இத்தகைய காரில் ஏர் பிடிப்பதால் தடுமாற்றம் வருகிறதென்றால், கசிவு ஒரு சிலிண்டரின் வாயிலுக்கு மிக அருகே, அதாவது கேஸ்கெட்டிலோ இன்ஜெக்டர் ஓ ரிங்கிலோ இருக்க வேண்டும். மேப் சென்சாருக்குச் செல்லும் மெல்லிய ஹோஸ் வெடித்திருந்தால் அழுத்தம் அதிகமாகத் தெரிந்து கலவை செறியும். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது மேப் அளவு வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும்: சென்னையில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 77 அளவில்.

கசிவைக் கண்டுபிடிக்கக் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பது பலரது வழக்கம். சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் தீப்பொறி கசியும் பிளக் ஒயருக்கும் அருகே அது தீயை வரவழைக்கும் செயல். மெல்லிய நீர்த்துளிகளை ஸ்ப்ரே பாட்டிலில் தெளித்தாலே போதும். கசிவு உள்ள இடத்தில் நீர் பட்டதும் ஓட்டத்தின் தாளம் மாறும். புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அதுவே சிறந்தது. அதையும் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே செய்யச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல்

அழுத்தியதும் இருமும் காரில், சென்சார் சரியென்று தெரிந்தபின், பெட்ரோல் அழுத்தத்தை அளக்க வேண்டும். அதற்குமுன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்யலாம்: சாவியை ஆன் செய்து பம்ப் நின்றதும் ஆஃப் செய்வதை மூன்று நான்கு முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். அன்று மட்டும் கார் உடனே சீராக ஓடினால், இரவில் லைனில் நிற்க வேண்டிய அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று பொருள். பம்பில் பெட்ரோல் திரும்பி வடியாமல் தடுக்கும் செக் வால்வு, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். ஒழுகும் இன்ஜெக்டர் என்றால் ஸ்டார்ட் ஆனதும் கறுப்புப் புகை வரும், செல்ஃப் அடிக்கும்போதே பெட்ரோல் வாடை தெரியும். பம்பின் செக் வால்வு என்றால் செல்ஃப் சற்று நீளுமே தவிரப் புகை இராது.

கேஜ் வைத்து அளப்பது, பெட்ரோல் லைனைக் கழற்றிய அனுபவம் இல்லாதவர் செய்யக்கூடிய வேலை அன்று. லைனில் உள்ள அழுத்தத்தைப் பம்ப் ஃபியூஸை எடுத்து என்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டுக் குறைத்த பிறகே கழற்ற வேண்டும். பெரும்பாலான மாடல்களில் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்க வேண்டும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்தும் அதன் பெரும்பகுதி நிற்க வேண்டும். ரெகுலேட்டர் என்ஜின் பக்கத்தில் இருக்கும் கார்களில் அதன் வேக்குவம் ஹோஸை உருவிப் பார்க்கலாம். ஹோஸுக்குள் ஒரு துளி பெட்ரோல் இருந்தாலும் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்ற வேண்டும்.

இன்ஜெக்டரின் நுனியில் கரி படிந்து, தெளிப்பு புகைபோல விரியாமல் கம்பிபோல இறங்கினால், சூடான என்ஜின் அதைச் சமாளித்துக்கொள்ளும். குளிர்ந்த என்ஜினால் முடியாது. இன்டேக் வால்வின் பின்புறம் படியும் கரியும் பஞ்சுபோல முதல் நிமிடத்துப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசோனிக் முறையில் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் தரும் அளவைக் கண்ணாடிக் குழாயில் ஒப்பிட்டுக் காட்டும் கடைகள் பெரிய ஊர்கள் பலவற்றில் உள்ளன. டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்களைவிட அந்தச் செலவு பயனுள்ளது.

எல்.பி.ஜி. கிட் மாட்டிய கார்களுக்கு இங்கே தனிக் கவனம் தேவை. சீக்வென்ஷியல் கிட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே கேஸ் தெளிக்கும் வகை) உள்ள கார் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, கூலன்ட் ஓரளவு சூடானதும் கேஸுக்கு மாறுகிறது. பெட்ரோல் இன்ஜெக்டர்கள் ஒரு நாளில் வேலை செய்வதே அந்தச் சில நிமிடங்கள்தாம். டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பழைய பெட்ரோலும், பயன்படாமல் பிசுக்கேறிய இன்ஜெக்டர்களும் சேர்ந்து காலை ஓட்டத்தைக் கெடுக்கும். வாரத்தில் ஒருநாளாவது முழுத் தூரமும் பெட்ரோலில் ஓட்டி, டேங்கைக் காலியாக்கிப் புதிதாக நிரப்பிவந்தால் இது பெரும்பாலும் வராது.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதும் கணக்கில் கொள்ளத்தக்கது. 2022-இல் நாடு முழுவதும் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டு, 2023 முதல் 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலவைக்கு 13.5 கிலோ அளவே போதும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு எழுதப்பட்ட பழைய அட்டவணைப்படி தெளிக்கும் இ.சி.யு.-வின் கலவை, ஓபன் லூப்பில் ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்து நிற்கும். அதோடு எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தைக் கேட்கிறது. நல்ல நிலையில் உள்ள என்ஜின் இதைத் தாங்கிக்கொள்ளும். இன்ஜெக்டரில் சிறிது அடைப்போ சென்சாரில் சிறிது பிழையோ ஏற்கெனவே இருந்தால் இந்த மெலிவு அதை வெளியே கொண்டுவந்துவிடும். சூடான ஓட்டத்தில் கற்றுக்கொண்ட திருத்தத்தை அடுத்த காலையிலும் பயன்படுத்தும் இ.சி.யு.-க்கள் உண்டு. அவற்றில் பேட்டரியைக் கழற்றினால் அந்தத் திருத்தம் அழிந்து, சில நாள்களுக்குத் தடுமாற்றம் கூடவே செய்யும். எதற்கெடுத்தாலும் பேட்டரி ஒயரைக் கழற்றி ‘ரீசெட்’ செய்வது மருந்தாகாது என்பதற்கு இது ஒரு காரணம்.

தீப்பொறி

தாளம் மாறாமல் மிஸ் அடிக்கும் காரில், எந்தச் சிலிண்டர் என்று காண, குளிர்ந்த ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். எதைக் கழற்றும்போது ஓட்டம் மேலும் மோசமாகவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். பிளக் ஒயரை உருவிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும், காயிலுக்கும் நல்லதன்று.

பிறகு பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் காய்ந்த கரியாக இருந்தால் கலவை செறிவு. எல்லாம் வெளுத்திருந்தால் மெலிவு. ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அதில் பொறி இல்லை. ஒன்று மட்டும் கழுவிவைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் கூலன்ட் உள்ளே வருகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்குக்கு அதிக மின்னழுத்தம் தேவை. குளிர்ந்து ஈரமான காலையில், பழைய காயிலும் ஒயரும் அதைத் தர முடியாமல் போகும். இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் என்ஜினின் பிளக் ஒயர்கள்மீது லேசாக நீர் தெளித்தால், கசியும் ஒயரில் நீலப்பொறி ஓடுவது தெரியும். கை படாமல் விலகி நின்று பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பொறியும் இன்ஜெக்டரும் ஒருசேரத் தளரும் என்பதால் பேட்டரியையும் சோதித்துவிட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால்

கூலன்ட் அளவு வாராவாரம் சிறிது குறைந்து, வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமல், முதல் இரண்டு நிமிடம் மட்டும் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்து, இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை வந்து மறைந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் இரவில் அந்தச் சிலிண்டருக்குள் கசிகிறது. குளிர்காலக் காலையில் சைலன்சரிலிருந்து நீராவி வருவது இயல்பு. அதற்கு வாடை இராது, கூலன்டும் குறையாது. மாலையில், என்ஜின் ஆறியபின், ரேடியேட்டரில் அழுத்தம் ஏற்றும் பம்பைப் பொருத்தி இரவு முழுவதும் விட்டு, காலையில் பிளக்கைக் கழற்றிச் செல்ஃப் அடித்தால் துளையிலிருந்து கூலன்ட் தெறிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படித் தெரிந்தால் அந்தக் காரைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. சிலிண்டரில் நீர் மிகுதியாகத் தேங்கிய ஒரு நாளில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும்.

கம்ப்ரெஷனைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் தனித்தனியே அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 1 பாருக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம்: அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எல்.பி.ஜி.யில் நெடுங்காலம் ஓடிய என்ஜின்களில் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறுவதால், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே உள்ள சந்து) குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும். அது முதலில் தெரிவது ஐடிலில்தான். அட்ஜஸ்ட் செய்யும் ஸ்குரூ உள்ள என்ஜினில் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்வது அரை நாள் வேலை. இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) போட வேண்டிய என்ஜினில் வால்வு கவரைத் திறக்குமுன் வேண்டிய தடிமனில் ஷிம் கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய மாடல்களுக்கு அது வந்து சேர நாளாகும், அதுவரை கார் ஒர்க்‌ஷாப்பில் திறந்தபடியே கிடக்க நேரும்.